இருபத்தைந்தில் ஒரு பங்கு

1970ஆம் ஆண்டு டாட்ஜ் சேலஞ்சர் காரின் நீளம் சுமார் 4.86 மீட்டர். இருபத்தைந்தால் வகுத்தால் 19.4 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆனால் வகுத்தல் அங்கே நிற்பதில்லை. நிஜக் காரில் கதவிடுக்கு 4 மில்லிமீட்டர் என்றால் மாடலில் 0.16. ஸ்பார்க் பிளக் ஒயரின் தடிமன் 7 மில்லிமீட்டர் என்றால் 0.28. காரின் பெயின்ட் பூச்சு மொத்தம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மாடலில் அது 0.004 ஆக இருக்க வேண்டும். தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடிமன். இதை எந்த ஸ்ப்ரே கன்னாலும் அடிக்க முடியாது. பாடியின் இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கிட்டில் வரும் பிளாஸ்டிக் பாடியோ அதே ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். கணக்குப்படி பார்த்தால், இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்பில் அடித்த கார் அது. டாங்கிதான்.

அதனால்தான் மாடல் செய்கிறவர்கள் சக்கர வளைவுகளின் ஓரத்தை உள்பக்கமாகச் சுரண்டி மெலிதாக்குகிறார்கள். வெளியிலிருந்து பார்க்க ஓரம் தகடு மாதிரி தெரியும், நடுவில் தடிமன் அப்படியே இருக்கும். துல்லியம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு கண்கட்டுதான். அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. என்னை நச்சரிக்கும் கேள்வி வேறு. துல்லியம் சரி, எதற்குத் துல்லியம்? வரைபடத்தில் இருந்த காருக்கா, ஆலையிலிருந்து வெளிவந்த காருக்கா, இல்லை சின்ன வயதில் ஒருத்தர் ஒட்டி முடித்த பொம்மைக்கா? இந்த மூன்றும் ஒன்றல்ல. இந்தப் பொழுதுபோக்கின் வரலாறே இந்த மூன்றுக்கும் நடுவில் கிடந்து அல்லாடிய கதை.

முதலில் அந்தக் கார்களைப் பற்றிக் கொஞ்சம். மசில் கார் என்பது சுருக்கமாக, நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய காரின் எஞ்சினைத் திணிப்பது. இது 1964இல் போன்டியாக் ஜிடிஓவிலிருந்து தொடங்குகிறது என்பார்கள். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை ஒரு வரம்பு வைத்திருந்தது. போன்டியாக்கில் இருந்த ஜான் டிலோரியனும் சகாக்களும் 389 கன அங்குல எஞ்சினை ஒரு தனி மாடலாக அல்லாமல், லெமான்ஸ் காருக்கான ‘ஆப்ஷன்’ ஆக விற்றார்கள். விதி மாடலுக்குத்தானே, ஆப்ஷனுக்கு இல்லையே! ரிக்வயர்மென்ட் டாக்குமென்டில் ஓட்டை கண்டுபிடிக்கும் ஆட்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. 1966இல் கிறைஸ்லரின் 426 ஹெமி எஞ்சின் சாலைக்கு வந்தது. கிட்டத்தட்ட 7 லிட்டர். நம்ம அம்பாசடரின் 1489 சிசியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, 1970இல் காற்று மாசுச் சட்டம் வந்தது, 1973இல் எண்ணெய் நெருக்கடி. பத்து வருஷம்கூட முழுசாக ஓடாத ஆட்டம்.

கிட்களின் கதை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1948இல் உருவான ஏஎம்டி என்ற மிச்சிகன் நிறுவனத்தின் பெயரே ‘அலுமினியம் மாடல் டாய்ஸ்’ என்பதன் சுருக்கம். அவர்கள் செய்த முதல் பொருள் அலுமினியத்தில் வார்த்த ஒரு ஃபோர்டு கார். அதற்கு நிஜ ஃபோர்டின் பெயின்டையே அடித்தார்கள். குழந்தைகள் கடைக்காகச் செய்ததல்ல அது, கார் டீலர்களுக்காகச் செய்தது. ‘புரோமோ’ என்று இவற்றைச் சொல்வார்கள். புதுக் கார் ஷோரூமுக்கு வரும்போது அதன் குட்டி வடிவமும் அதே நிறத்தில் கவுன்டரில் இருக்கும். அப்பா விலை பேசிக்கொண்டிருக்க, பையன் கையில் அது. அடுத்த சில வருஷங்களில் அலுமினியம் போய் பிளாஸ்டிக் வந்தது. ஆரம்பத்தில் பயன்படுத்திய அசிட்டேட் வகைப் பிளாஸ்டிக் காலப்போக்கில் சுருங்கி வளைந்துவிடும். பழைய புரோமோக்கள் வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

புரோமோவும் காரும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்றால் அச்சு வெட்டுகிறவர் கார் பிறப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். எனவே கார் கம்பெனிகள் தங்கள் வரைபடங்களை முன்கூட்டியே கொடுத்தன. இதைவிடத் துல்லியமான மூலம் வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் கடைசி நேரத்தில் கம்பெனி ஒரு எழுத்துப் பட்டையையோ கிரில்லையோ மாற்றிவிட்டால், மாடலில் கைவிடப்பட்ட வடிவமே தங்கிவிடும். ரிலீஸ் ஆகாத வெர்ஷனின் நினைவுச்சின்னம்.

1958இல் ஏஎம்டி அதே அச்சுகளைக் கொண்டு, பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் கிட்களை விற்கத் தொடங்கியது. ஒரு பெட்டியில் மூன்று வாய்ப்பு: ஆலையிலிருந்து வந்தபடி, அலங்கரித்தபடி, பந்தயத்துக்கு ஏற்றபடி. பாடி ஒரே துண்டாக வருவதுதான் இவற்றின் பெரிய வசதி. சாதாரணமாக அச்சு இரண்டு பாதிகளாகத் திறக்கும். காரின் பக்கவாட்டில் உள்ள கைப்பிடி, மடிப்பு எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். அச்சின் பக்கச் சுவர்கள் தனித்தனியாக வழுக்கி விலகுமாறு செய்தால் மாட்டாது. இந்த ‘ஸ்லைடு மோல்டு’ முறையை உருவாக்கியவராகச் சொல்லப்படும் ஜார்ஜ் டோடெஃப், 1963இல் ஏஎம்டியிலிருந்து வெளியேறி எம்பிசி என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். கிறைஸ்லர், ஓல்ட்ஸ்மொபில், ஏஎம்சி கார்களுக்கு ஜோ-ஹான் என்று இன்னொரு டெட்ராய்ட் கம்பெனி. இவர்கள் எல்லோரும் 1:25 அளவு. சிகாகோ பக்கத்து மோனோகிராம் 1:24. அதாவது ஓர் அடிக்கு அரை அங்குலம். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால் ஐந்து மீட்டர் காரில் 8 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். பார்க்காதவர்களுக்கு ஒன்றுமில்லை, பார்த்துவிட்டவர்களுக்குத் தூக்கம் வராது.

இனி நான் சொல்ல வந்த துக்கம். அமெரிக்கக் கார்கள் அந்தக் காலத்தில் வருஷத்துக்கு வருஷம் முகம் மாற்றின. 1968 டாட்ஜ் சார்ஜரின் பின்விளக்குகள் வட்டம். 1969இல் நீளப்பட்டை, முன்கிரில் நடுவில் பிரிந்தது. 1970இல் முன்பக்கம் முழுக்க ஒரே குரோம் வளையம். உள்கூடு ஏறக்குறைய அதேதான். மாடல் கம்பெனி இதற்காக ஒவ்வொரு வருஷமும் புது அச்சு வெட்டவில்லை. எஃகு அச்சு வெட்டுவது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. இருக்கும் அச்சிலேயே பழைய விளக்கை வெல்டிங் வைத்து மூடி, புது விளக்கைக் குடைந்தார்கள். அடுத்த வருஷம் மறுபடியும். கடைசியில் அந்தக் கார் ஷோரூமிலிருந்து போனதும், சில அச்சுகளில் சக்கர வளைவை அகலமாக வெட்டி மண் பாதைப் பந்தயக் காராக்கினார்கள். அதற்குப் பிறகு பழைய உருவத்துக்குத் திரும்ப வழியே இல்லை.

மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிற எனக்கு இதை முதன்முதலில் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. எங்கள் தொழிலில் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து, எந்தப் பழைய நாளுக்கும் திரும்பிப் போக ஒரு கருவி உண்டு. அதன் பெயரும் கிட் தான். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வேற்றுமையே தெரியாது. அந்தக் கிட் இல்லாத காலத்துக் கிட்கள் இவை. ஒரே ஒரு பிரதி, அதன் மேலேயே அடித்து அடித்து எழுதுவது. 1969ஐ உருவாக்க 1968ஐக் கொல்ல வேண்டும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷத்துக் காரை யார் கேட்பார்கள் என்று அன்று நினைத்தது நியாயம்தான். அது பொம்மை, பத்து வயதுப் பையன் ஒட்டி, சலித்ததும் பட்டாசு வைத்து வெடித்துவிடுவான்.

(பசையைப் பற்றி ஒரு வரி. அதை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்கிறார்கள் என்று அறுபதுகளில் பெரிய பீதி. டெஸ்டர்ஸ் நிறுவனம் 1969இல் தன் பசையில் கடுகெண்ணெய்ச் சாரத்தைக் கலந்தது. முகர்ந்தால் மூக்கு எரியும். ஊறுகாய் ஜாடிக்குள் தலையை விட்ட மாதிரி என்று கற்பனை செய்துகொள்கிறேன்.)

பையன்கள் வளர்ந்தார்கள், போன வருஷத்துக் காரைக் கேட்டார்கள். ஏஎம்டி, எம்பிசி ஆகிய பெயர்கள் கைமாறிக் கைமாறி, இப்போது இண்டியானாவில் உள்ள ரவுண்ட் 2 நிறுவனத்திடம் இருக்கின்றன. அச்சே இல்லாத பழைய கிட்கள் சிலவற்றுக்கு, மிச்சமிருக்கும் பழைய பிரதிகளை அடிப்படையாக வைத்துப் புது அச்சு செய்கிறார்கள். பெட்டியில் அதே பழைய ஓவியம். இங்கேதான் சண்டை தொடங்குகிறது. நிஜக் கார் இன்றும் கிடைக்கிறது, அதையே அளந்து செய்யலாமே என்கிறது ஒரு கட்சி. பழைய கிட்டில் கூரை கொஞ்சம் தட்டையாக இருந்தால் அதுவும் வேண்டும், நான் ஒட்டியது அதைத்தான் என்கிறது இன்னொன்று. நான் முதல் கட்சிக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. காரின் நகலை நகலெடுப்பதும் ஒரு ஆவணப் பணிதான், ஆவணப்படுத்துவது வேறு பொருளை. ஆனால் அதைக் காரின் ஆவணம் என்று விற்கக் கூடாது.

சரி, காருக்கே துல்லியமாக இருப்போம் என்று வைத்துக்கொள்வோம். பிளிமத் சூப்பர்பேர்டை எடுங்கள். கூர்மூக்கும் ஆளுயரத்துக்கு எழும்பிய பின்சிறகுமாக, பந்தயத்துக்காகவே பிறந்தது. இதன் அண்ணன் டாட்ஜ் சார்ஜர் டேடோனா. அதில்தான் பட்டி பேக்கர் 1970 மார்ச்சில் டல்லடேகாவில் மணிக்கு 200 மைலைக் கடந்தார். நாஸ்கார் விதிப்படி டேடோனா 500 கார் செய்தால் போதுமாக இருந்தது. 1970க்கு விதியை மாற்றி, இரண்டு டீலருக்கு ஒரு கார் என்றார்கள். பிளிமத் கிட்டத்தட்ட இரண்டாயிரம் சூப்பர்பேர்டுகளை அவசர அவசரமாகச் செய்ய வேண்டியதாயிற்று. காற்று வழுக்கிப் போகப் பின்கண்ணாடியைச் சமதளமாக்கி, அதைச் சுற்றித் தகடு வெல்டிங் செய்தார்கள். வெல்டிங் தழும்பைத் தேய்த்துச் சீராக்க நேரமும் பணமும் இல்லை. கூரை மேல் கறுப்பு வினைல் ஒட்டி மறைத்துவிட்டார்கள். எனவே ஆலையிலிருந்து வந்த சூப்பர்பேர்டுகளுக்கு வினைல் கூரை உண்டு, டேடோனாவுக்குக் கட்டாயமில்லை. மாடலில் அந்த வினைலின் சொரசொரப்பைக் கொண்டுவர ஒருவர் பாடுபடும்போது, அவர் நகலெடுப்பது அழகை அல்ல. ஒரு டெட்லைனை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நல்ல மாடல்காரர்களின் வேலையை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. ஷெவர்லே ஆலையில் எஞ்சினுக்கு ஆரஞ்சு நிறம் அடிக்கும்போது பக்கத்திலிருக்கும் வார்ப்பிரும்புப் புகைக்குழாய் மீதும் தெறிக்கும். யாரும் துடைக்க மாட்டார்கள். கார் ஓடத் தொடங்கினால் அது தானே கருகிப் போய்விடும். கிறைஸ்லர் கார்களின் அடிப்பக்கத்தில் பிரைமர் மீது பாடி நிறம் ஓரங்களில் மட்டும் புகைபோலப் படிந்திருக்கும். அது எப்படிப் படிகிறது என்பது ஆலைக்கு ஆலை மாறும். போல்ட்டை முடுக்கியதற்கு அடையாளமாக ஒரு சொட்டுப் பெயின்ட், பரிசோதகர் கிரேயானில் கிழித்த ஒரு கோடு. இடது ஃபெண்டரின் உள்பக்கம் ஒரு தகட்டில் காரின் ஜாதகம்: எஃப்சி7 என்றால் டாட்ஜ் ‘பிளம் கிரேஸி’ என்று பெயர் வைத்த ஊதா. மாடலில் அந்தத் தகடு அரிசிமணியைவிடச் சின்னது.

நிஜக் கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் நெடுங்காலமாக இதையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு, ஆலை ஒருநாளும் தந்திராத பளபளப்பைப் பூசினார்கள். ஏலத்தில் விலை அப்படித்தான் வந்தது. அண்மைக் காலத்தில்தான் தெறித்த பெயின்டுக்கும் மதிப்பு வந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில், கை வைக்காத சில கார்களைத் தேடிப்போய் அவற்றின் அடியில் படுத்துப் படமெடுத்து, அந்தக் கறையை 19 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தவர்களில் மாடல்காரர்களும் உண்டு. ஆகவே, புதுப்பித்த பல கோடி ரூபாய்க் காரைவிட ஒரு பிளாஸ்டிக் மாடல் அசலுக்கு நெருக்கமாக இருக்க முடியும். வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கு இதில் வேடிக்கை தெரியவில்லை.

நான் செய்யும் சேலஞ்சரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் 0.3 மில்லிமீட்டர் துளையிட்டு எட்டு ஒயர்களையும் ஹெமியின் எரிவரிசைப்படி இணைத்திருக்கிறேன்: 1-8-4-3-6-5-7-2. பானெட்டை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. “தப்பா மாத்தி மாட்டினா என்ன ஆகும்?” என்று வீட்டில் கேட்டார்கள். ஒன்றும் ஆகாது.

சேலஞ்சர்கள் தயாரான இரண்டு ஆலைகளில் ஒன்று டெட்ராய்டை ஒட்டிய ஹாம்டிராம்க்கில், டாட்ஜ் மெயின் என்று அழைக்கப்பட்டது. 1980 ஜனவரியில் அதை மூடினார்கள், அடுத்த வருஷம் இடித்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் யார் பெயரும் காரில் இல்லை. ஃபயர்வாலில் அவசரமாக இழுத்த அந்தக் கிரேயான் கோடு இருக்கிறது. கோட்டின் அகலம் சுமார் 5 மில்லிமீட்டர், மாடலில் 0.2. மார்க்கர் பேனா இதற்குச் சரிப்படாது, மை பரவிவிடும். மஞ்சள் பெயின்டில் ஊசி முனையைத் தொட்டு ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். நேராக வந்துவிட்டால் அழித்துவிட்டு மறுபடி இழுங்கள்.