பார் வைத்த சைக்கிள்

வாகனங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் சக்கரத்தின் விருத்தியையும் விசையின் விருத்தியையும் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் சைக்கிள் என்னும் வண்டி தமிழ்நாட்டில் எவ்வாறு ஒரு குடும்பத்தின் பொருளாயிற்று என்பதை விசாரிக்க விரும்புகிறவன், ஆசனத்திலிருந்து கைப்பிடி வரை குறுக்கே ஓடும் இரும்புக் குழாயைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கடைக்காரரும் மெக்கானிக்கும் அதைப் பார் என்பார்கள். ஸ்திரீகள் பல தலைமுறைகளாகச் சைக்கிளை நெருங்காதிருந்ததற்கு அது ஒரு காரணம். குழந்தைகள் தகப்பனாரின் இரு கைகளுக்கு நடுவே பத்திரமாக அமர்ந்து ஊரைப் பார்த்து வளர்ந்ததற்கும் அதுவே காரணம்.

அந்தக் குழாய் பிறந்த கதை நீண்டதன்று. 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய மரவண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித்தான் அதைச் செலுத்த வேண்டும். 1860-களில் பாரிஸ் நகரத்தார் முன்சக்கரத்தில் பெடல் பொருத்தினார்கள். பிறகு அந்தச் சக்கரமே ஆள் உயரத்துக்கு வளர்ந்து, திடகாத்திரமான இளைஞர்களைத் தவிர வேறு எவரும் ஏறத் துணியாத வண்டியாயிற்று. 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவினவாக்கி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் ரோவர் வண்டியை வெளியிட்ட பின்னரே, சாமானிய மனிதன் விழுந்துவிடுவோம் என்ற பயமின்றி ஏறக்கூடிய சைக்கிள் உலகத்துக்குக் கிடைத்தது. 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில் வண்டியின் சட்டத்துக்கு உறுதி தரும் பொருட்டு மேற்குழாய் நிலைபெற்றது. நீண்ட பாவாடை அணிந்த ஆங்கிலப் பெண்மணிகளுக்காக அதே குழாயைக் கீழே இறக்கி வளைத்த வேறொரு வகையும் உடனே பிறந்தது.

நம் நாட்டுக்குக் கப்பலேறி வந்தவை பெரும்பாலும் பார் வைத்த வண்டிகளே. ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. முதலிய பெயர்கள் நம் பெரியவர்களுக்குக் குடும்ப வைத்தியர் பெயரைப்போல் பழக்கமாயிருந்தன. வக்கீல், பள்ளி ஆசிரியர், தந்திச் சேவகர், ரெவின்யூ உத்தியோகஸ்தர் ஆகியோரிடமே அக்காலத்தில் சைக்கிள் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-இல், முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொழிற்சாலையை அமைத்தார்கள். அதன் பயனாக, முன்பு கடல் கடந்து வந்த ஹெர்குலிஸ் நம் ஊர்த் தொழிலாளர் கையாலேயே உருவாகத் தொடங்கியது. கறுப்பு வர்ணமும், 28 அங்குலச் சக்கரமும், கம்பி பிரேக்கும், கனத்த கேரியருமாக அமைந்த அந்த வண்டி நெல் மூட்டையையும் பால் கேனையும் வாழைத்தாரையும் சுமந்து சலிக்காமல் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் கைக்கடிகாரத்தோடு சைக்கிளையும் சீராகக் கேட்கும் வழக்கம் அந்த மதிப்பிலிருந்தே முளைத்தது. பெண்ணைப் பெற்றவர்களைக் கடனில் ஆழ்த்திய அவ்வழக்கத்தைச் சைக்கிளின் பெருமைகளுள் ஒன்றாகச் சேர்க்க எனக்கு மனம் இல்லை.

வீட்டுக்கு வந்த சைக்கிள் தனிமனிதனின் வாகனமாக நெடுநாள் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் திண்ணையோரம் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, தேங்காயெண்ணெய் தொட்ட பழந்துணியால் ரிம்மையும் ஸ்போக்ஸ் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் துடைப்பதும், சங்கிலிக்கு எண்ணெய் விடுவதும், வருஷத்துக்கு ஒருமுறை ஓவராயில் செய்யக் கடையில் விட்டுவிட்டு, பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்ட வண்டியைப் பார்த்துப் பிள்ளைகள் கவலைப்படுவதும், ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு மாலை சூட்டுவதும் குடும்பக் காரியங்களாயின. அக்காலத்தில் நகரசபைக்கு வரி கட்டி வாங்கிய தகட்டு வில்லையை வண்டியில் மாட்டியிருக்க வேண்டியிருந்தது. இரவில் விளக்கு இல்லாமல் போகக்கூடாதென்று விதி இருந்தது. இருவர் ஏறிச் செல்வதும் குற்றமாயிருந்தது. ஆயினும் மாதச் சம்பளக்காரன் ஒருவன் தன் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்கோ சினிமாவுக்கோ போக வேண்டுமானால் அவனுக்கு இருந்த ஒரே உபாயம் அதுவே. ஆகையால் மூத்த பிள்ளை பாரில் சுற்றிய துண்டின்மேல் ஒருக்களித்து அமர, மனைவி கைக்குழந்தையோடு கேரியரில் ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார, அவன் பெடலை மிதித்துச் சென்றான். சற்று வசதி உள்ளவர்கள் பாரில் சிறு இருக்கை ஒன்றைத் திருகு வைத்துப் பொருத்திக்கொண்டார்கள். அந்த இருக்கையில் அமர்ந்து, கைக்கு எட்டிய மணியை இடைவிடாமல் அடித்துக்கொண்டு போன குழந்தைக்கு ஊரின் தெருக்களும் கடைகளும் குளங்களும் அறிமுகமானது தகப்பனாரின் குரலோடு சேர்ந்தே அல்லவா? இந்த நெருக்கம் பிற்காலத்து வாகனங்களில் கிட்டவில்லை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

தூரப் பிரயாணத்திலும் இந்த வண்டிக்குப் புகழ் உண்டு. 1923-இல் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி இளைஞர் கூட்டத்தில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ரஸ்டம் பும்கரா ஆகிய மூவர், பாலைவனங்களையும் மலைகளையும் கடந்து உலகத்தைச் சுற்றிவிட்டு 1928-இல் தாயகம் திரும்பினார்கள். அது வீரச் செயல், வணங்கத்தக்கது. ஆனால் தஞ்சை ஜில்லாவின் வாய்க்கால் கரைகளிலும் நெல்லைச் சீமையின் பனங்காட்டுப் பாதைகளிலும், ஹேண்டில்பாரில் தூக்குப் பாத்திரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, பத்து மைலுக்கு அப்பால் நடக்கும் தேரோட்டத்துக்கும் ஆடிப்பெருக்குக்கும் குடும்பம் குடும்பமாகப் போய்வந்தவர்களின் பிரயாணத்தை எந்த நூலும் வர்ணித்ததாக நான் அறியேன். வெயிலேறுமுன் புறப்படுவது, வழியில் ஆலமரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்ப்பது, பங்சரானால் பக்கத்து ஊர்வரை எல்லோரும் இறங்கி நடப்பது என்று அதற்கும் ஒரு கிரமம் இருந்தது.

ஓட்டக் கற்றுக்கொள்வது பையன்களின் ஏகபோகமாயிருந்தது. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. மட்கார்டில் எண் எழுதிய வண்டியை, தெரிந்தவர் பெயரைச் சொல்லி நோட்டுப்புத்தகத்தில் பதிந்துவிட்டு எடுத்துச் செல்வார்கள். சிறிய வண்டி கிடைக்காத பையன் பெரிய வண்டியின் பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பைக் கோணிக்கொண்டு, குரங்குப் பெடல் போட்டே கற்றுக்கொண்டான். அவனுடைய அக்காளும் தங்கையும் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேலை பாரைத் தாண்ட விடாது என்பது வெளிப்படையான காரணம். பெண்பிள்ளை தன் இஷ்டப்படி ஊர் எல்லையைக் கடக்கலாகாது என்ற எண்ணமே உள்ளே இருந்த காரணம். இரண்டாவது தடையைக் குழாய் வளைத்த லேடீஸ் சைக்கிளால் அகற்ற முடியவில்லை.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இவ்விஷயம் வேறு விதமாக நடந்தது. மேடுபள்ளமற்ற அந்தக் குடாநாட்டில் வெள்ளைச் சீருடை அணிந்த மாணவிகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவது வெகுகாலமாகவே சாதாரணக் காட்சி. இலங்கையின் உள்நாட்டு யுத்தத்தில் பெட்ரோல் தடைப்பட்ட 1990-களின் முற்பகுதியில் அங்குள்ள குடும்பங்களின் போக்குவரத்தைப் பெரும்பாலும் சைக்கிளே தாங்கியது. மின்சாரமும் இல்லாத அந்நாட்களில் சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள்.

அதே ஆண்டுகளில்தான் புதுக்கோட்டையில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. 1948 வரை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாயிருந்து, 1974-இல் தனி மாவட்டமான அந்தச் சீமை மழை குறைந்த மானாவாரி நிலம். கல்லுடைப்போரும் விவசாயக் கூலிகளும் மிகுந்தது. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கிராமம் கிராமமாகப் போய் எழுத்துக் கற்பிக்க வேண்டிய பெண் தொண்டர்கள் பஸ் வராத ஊர்களுக்கு எப்படிப் போவது என்ற கேள்வி எழுந்தது. கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் இயக்கத்தின் பாடமாக்கினார்கள். பெண்கள் வண்டி வாங்க வங்கிகள் கடன் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். சைக்கிள் கற்கும் பெண்களுக்கென்று பாட்டுக்களும் புனையப்பட்டன. 1992-இல் மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் அணிவகுத்து வந்ததைப் புதுக்கோட்டை நகரம் கண்டது. கற்றுக்கொண்ட கிராமப் பெண்களின் தொகை லட்சத்தை எட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

அவர் கண்டு எழுதியவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. லேடீஸ் சைக்கிளுக்குக் கிராக்கி ஏறிக் கடைகளில் சரக்குத் தட்டுப்பட்டபோது, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியையே பெண்கள் வாங்கினார்கள். வாங்கியவர்களுள் சிலர், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்ற காரணத்தைச் சொல்லி அதையே விரும்பினார்கள். தாய் மிதிக்க, பாரில் ஒரு குழந்தையும், கேரியரில் சந்தைக்குப் போகும் காய்கறி மூட்டையும், சில வேளைகளில் குடிநீர்க் குடங்களுமாக அவ்வண்டிகள் ஓடின. சந்தையில் சரக்கை விற்றுவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்து பாதிப் பொழுதை இழந்தவள், இப்போது தான் விரும்பிய வேளையில் வீடு திரும்பினாள். தகப்பனையோ தமையனையோ எதிர்பார்க்க வேண்டியிருந்த காரியங்கள் அநேகம் அவள் கைக்கு வந்தன. ஏளனப் பேச்சுக்கள் இருந்தன. ஓட்டுகிறவர்களின் தொகை பெருகப் பெருக அவை தாமாகவே அடங்கின.

பிற்பாடு 2000-களில் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வழங்கத் தொடங்கி, அத்திட்டத்தைப் படிப்படியாக விரிவாக்கி, 11-ஆம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஆண்களும் பெண்களுமாகப் பெறும் நிலைக்குக் கொண்டுவந்தது. மாணவிகளுக்குக் கிடைப்பது பார் இல்லாத வண்டி. காலையில் மகள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிச் செல்லும் அதையே சாயங்காலம் தாய் ரேஷன் கடைக்கும் பால் சொசைட்டிக்கும் எடுத்துப் போகிறாள். வீட்டுச் சிறுவன் குரங்குப் பெடல் போடாமல் நேராகவே அதில் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். கைக்குழந்தை உள்ள வீட்டார், தெருக்கோடிச் சைக்கிள் கடையில் சொல்லி, இரும்புக் கம்பி வளைத்து ஒரு சிறு இருக்கையைக் கேரியரின்மேல் பொருத்திக்கொள்கிறார்கள்.