வரி போனது, பட்டியலும் போனது

போன கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நம் நகர் அம்மா ஒருவர் கேட்டார்: "சார், பையன் அமெரிக்காவில சிட்டிசன் ஆயிட்டான். இங்க இருக்கிற மனை நாளைக்கு அவனுக்குப் போனா எந்த ஊர்ல வரி கட்டணும்?" பேச்சு நீண்டு, மரண வரி என்று ஒன்று நம் நாட்டிலேயே இருந்தது என்று நான் சொன்னதும் இளைஞர்கள் நம்பவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

இருந்தது. முப்பத்தோரு வருடம் இருந்தது. எஸ்டேட் டியூட்டி சட்டம், 1953. நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் காலத்தில் 1953 அக்டோபர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்தைக் கணக்கெடுத்து, வரம்புக்கு மேல் இருந்தால் வாரிசுகள் வரி கட்ட வேண்டும். தொடக்கத்தில் வரம்பு 1 லட்சம் ரூபாய். கூட்டுக்குடும்பப் பங்குக்கு 50 ஆயிரம். 40 சதவீதமாக இருந்த உச்ச விகிதம் 1960-களில் 85 சதவீதம் வரை போனது. வசூலிப்பது மத்திய அரசு, பணம் போய்ச்சேருவது மாநிலங்களுக்கு. விவசாய நிலத்தின் மீதான மரண வரி மட்டும் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது.

சட்டம் எழுதியவர்கள் நம் ஆட்களை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். இறப்பதற்கு முன் 2 ஆண்டுக்குள் கொடுத்த தானமும் கணக்கில் சேரும். வீட்டை மகன் பேருக்கு எழுதிவைத்துவிட்டு அப்பா அதே வீட்டில் அதிகாரமாக உட்கார்ந்திருந்தால், அது கொடுத்ததாகவே ஆகாது!

இந்த வரியில் சென்னை வழக்கு ஒன்று பிரபலம். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் 1953 அக்டோபர் 3-ல் காலமானார். சட்டம் வரப் பன்னிரண்டே நாள் இருந்தது. ஆனால் அவர் மனைவி 1956 ஜனவரியில் இறந்தார். 1937-ம் ஆண்டுச் சட்டப்படி கணவரின் கூட்டுக்குடும்பப் பங்கில் விதவைக்கு உரிமை உண்டு. அது அவர் ஆயுளோடு மறைந்துபோகும் உரிமைதானே, அதற்கு ஏன் வரி என்பது குடும்பத்தின் வாதம். உச்ச நீதிமன்றம் வரை போய் 1977-ல் முடிந்தது. வரி உண்டு என்று தீர்ப்பு. குடும்பத்துக்கு நஷ்டம்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. விதவையின் பங்கை 'பங்கு' என்று விடாப்பிடியாகச் சொன்னது வரி இலாகா!

1985 மார்ச் 16-ம் தேதி பட்ஜெட்டில் வி.பி. சிங் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய்தான் வருகிறது, வசூல் செலவோ அதிகம், ஏற்றத்தாழ்வும் குறையவில்லை என்பது காரணம். அன்று முதல் நேர்ந்த இறப்புகளுக்கு வரி இல்லை. தான வரி 1998-லும், சொத்து மதிப்பு வரி 2015 பட்ஜெட்டிலும் போயின.

என் பெரியப்பா 1985 பிப்ரவரியில் இறந்தார், ஒரு மாதம் முந்தி. வரம்புக்குள்தான் இருந்தது, பைசா வரி வரவில்லை. ஆனால் வருமோ என்ற பயத்தில் ஆடிட்டர் சொல்லி ஒரு பட்டியல் போட்டார்கள்: நிலம், கிணற்றுப் பங்கு, எல்.ஐ.சி., நகை, யாரோ ஒருவருக்குக் கொடுத்த கைமாற்று வரை. பங்காளிகளுக்குள் இன்றும் சண்டை வந்தால் அந்தத் தாளைத்தான் எடுக்கிறோம். அதன்பின் இறந்த யாருக்கும் எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இல்லை. கேட்பார் இல்லையே.

கேட்பார் இல்லாத இந்தக் காலத்தில்தான் வாரிசு யார் என்பதே மாறியது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில், அதற்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம், மணமானவர் ஆகாதவர் என்ற பேதத்தை எடுத்துவிட்டது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது (2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகள் தப்பின). உயில் எழுதாமல் மகன் இறந்தால் மனைவி மக்களோடு தாய்க்கும் சம பங்கு என்பது 1956 முதலே சட்டம். இதைப் பலர் வாரிசுச் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள்.

நம் பக்கத்துப் பத்திரங்களில் தென்னாற்காடு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மாவட்டப் பெயர் மூன்று தரம் மாறிவிட்டது. பட்டாவில் தாத்தா பெயர் மட்டும் மாறவில்லை. நாற்கர சாலை வந்து மனை விலை ஏறியதும், மணமாகிப் போன அத்தைகளைத் தேடிக் கையெழுத்துக்கு அலைகிறோம்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இங்கே மரண வரி இல்லை. உயில் வழியாகவோ வாரிசாகவோ வருவதற்கு வருமான வரியும் இல்லை. பிறகு விற்றால்தான் மூலதன ஆதாய வரி, 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம். 2001-க்கு முன் வாங்கிய மனை என்றால் அந்த ஆண்டு ஏப்ரல் 1 மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். நிலத்துக்கு அது அன்றைய கைடுலைன் மதிப்பைத் தாண்டக் கூடாது.

அமெரிக்காவில் மரண வரி 1916 முதல் இருக்கிறது. இங்கே இருக்கும் அப்பாவின் மனை வாரிசாக வருவதற்குப் பையன் அங்கே வரி கட்ட வேண்டாம். 1 லட்சம் டாலரைத் தாண்டினால் தெரிவிக்க மட்டும் வேண்டும். அவர் காலத்துக்குப் பின் உளுந்தூர்பேட்டை மனையும் அவர் கணக்கில் சேரும். ஆனால் 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2026 முதல் 1.5 கோடி டாலர் வரை விலக்கு. நம்மில் யாருக்கு அந்தக் கவலை!

கவலைப்பட வேண்டியது வேறு சிலர். இங்கேயே இருந்துகொண்டு செல்போன் செயலி மூலம் அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளை வாங்கியிருப்பவர்களுக்கு அங்கே விலக்கு வெறும் 60 ஆயிரம் டாலர். அதற்கு மேல் போனால் 40 சதவீதம் வரை வரி. இரு நாட்டுக்கும் இடையே வருமான வரி ஒப்பந்தம் உண்டு, மரண வரிக்குக் கிடையாது. அந்தப் பங்குகள் இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது என்று, கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் அன்று மெதுவாகச் சொன்னார்.