ஆலமரமும் ஐவகை உதும்பரமும்

ஆலமரம், ஆதிபகவன் கேவல ஞானம் எய்தியபோது நிழல் தந்த மரம். அதன் கனியோ, சிராவகர் உண்ணலாகாதென ஆன்றோர் விலக்கிய கனி. மரத்திற்குப் பெருமையும் கனிக்கு விலக்கும் ஒரே மரபில் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் வடமொழியில் இயற்றிய ஆதிபுராணம், விருஷப தேவரின் ஞானோதயத்தை விரித்துரைக்கிறது. புரிமதால நகரை அடுத்த சோலையில், ஆலமரத்தின் கீழ்த் தியானத்தில் அமர்ந்திருந்த பகவானுக்குப் பால்குண மாதத்துத் தேய்பிறை ஏகாதசியன்று கேவல ஞானம் தோன்றிற்று. அவ்விடத்தைப் பிரயாகையெனக் கொள்வது மரபு. அங்கே, அக்பர் 1583இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள் நிற்கும் அட்சயவடம் என்னும் ஆலமரத்தைச் சமணர் இந்நிகழ்ச்சியோடு இணைத்துப் போற்றுவர். பதினான்காம் தீர்த்தங்கரரான அனந்தநாதருக்கு உரிய மரம், ஆலின் இனமாகிய அரசு.

ஆல், அரசு, அத்தி, இத்தி உள்ளிட்ட ஐந்தின் கனிகளும் ‘ஐவகை உதும்பரம்’ எனப்படும். இவை இயங்கும் உயிர்கள் பிறக்கும் இடமாதலின் விலக்கத்தக்கன என்று அமிர்தசந்திராசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விதித்தார். கனி உலர்ந்து உள்ளிருந்த உயிர்கள் நீங்கிய பின்னும் அதனை உண்பது இம்சையே என்றார். உண்பவனின் மிகுந்த பற்றே அங்கு இம்சையாகிறது.

இன்றைய உயிரியலும் இக்கனிகளுக்குள் உயிர்கள் பிறப்பதை விளக்குகிறது. பூக்காமலே காய்ப்பதாகத் தோன்றும் இம்மரங்களின் ‘கனி’, எண்ணற்ற நுண்பூக்களை உள்ளே பொதிந்த மூடிய பூங்கொத்து. எள்ளினும் சிறிய பெண் குளவி அதன் நுண்துளை வழியே நுழைகையில் சிறகிழக்கும். மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே மடியும். அதன் குஞ்சுகளுள் சிறகற்ற ஆண் குளவிகள் வழி குடைந்து தர, பெண் குளவிகள் மகரந்தம் ஏந்தி வேறு மரம் தேடிப் பறக்கும். ஆலுக்கு ஒரு குளவி, அத்திக்கு வேறொரு குளவி. குளவியின்றி விதையில்லை, மரமின்றிக் குளவியில்லை.

ஒரே ஊரிலும் ஆலமரங்கள் வெவ்வேறு காலத்தில் பழுப்பதுண்டு. அதனால் பிற கனிகள் அரிதாகும் நாளிலும் மைனா, குயில், பச்சைப்புறா, குக்குறுவான், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றுக்கு இரை கிடைக்கிறது. சிராவகர் விலக்கிய கனி இவ்வுயிர்களுக்கு உணவாகிறது.

சாலை விரிவுக்காக ஓர் ஆலமரம் வீழும்போது, நிழலோடு இவ்வுயிர்களின் இருப்பிடமும் உணவும் அழிகின்றன. கனியை விலக்கி உயிரோம்பும் இல்லறத்தார்க்கு, ஏரிக்கரையிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் எஞ்சியுள்ள ஆலையும் அரசையும் காப்பதும் அவ்விரதத்தின் வழிப்பட்ட கடமையே.