தொற்றுக் கண்ட சிறுநீரகக் கல்லுக்குத் துளைவழிச் சிகிச்சை

பெரிய கீறலின்றி, விலாவின் பின்புறத்தில் இட்ட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் துளை வழியாகவோ, இயற்கையான மூத்திர மார்க்கத்தின் வழியாகவோ நுண்கருவிகளைச் செலுத்திச் சிறுநீரகக் கல்லை உடைத்தெடுக்கும் ரண சிகிச்சை, கிருமித் தொற்றும் உடனிருக்கும் நோயாளிக்குச் செய்யப்படும்போது ஒரு திட்டமான கிரமத்தைப் பின்பற்றுகிறது: முதலில் சீழை வடித்தல், பின்னர் கல்லை நீக்குதல், நீக்குங்கால் இயன்றவரை ஒரு துணுக்கும் எஞ்சாது நீக்குதல்.

கல்லுக்கும் தொற்றுக்கும் உள்ள சம்பந்தம் இருவகைப்படும். கல் மூத்திரக்குழாயை அடைத்துக்கொள்ள, தேங்கிய மூத்திரத்தில் கிருமிகள் பெருகுவது ஒன்று. புரோட்டியஸ் முதலிய கிருமிகள் யூரியேஸ் என்னும் நொதியால் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்க, மூத்திரம் காரத்தன்மை அடைந்து, மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் படிந்து ஸ்ட்ரூவைட் கல்லாக உறைவது மற்றொன்று. இது சிறுநீரகத்தின் உள்ளறைகள்தோறும் கிளைத்து மான்கொம்பு வடிவில் வளர்வதுண்டு.

அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்றுக் கண்டால், குளிர்நடுக்கமும் கடுஞ்சுரமும் தோன்றி, கிருமிகள் ரத்தத்தில் கலந்து பிராணாபாயம் விளையக்கூடும். அடைப்புள்ள இடத்தில் மருந்து போதிய அளவு சேர்வதில்லையாதலால், மூத்திராசயத்தின் வழியே இருமுனையும் சுருண்ட ஸ்டென்ட் குழாயை ஏற்றியோ, 1955-இல் அமெரிக்காவில் வில்லர்ட் குட்வினும் அவருடைய சகாக்களும் விவரித்தபடி முதுகுப்புறமாகக் குழாயிட்டோ, தேக்கத்தை உடனே வடித்துவிடுவர். தொற்று அடங்கிய பின்னரே கல்லைத் தொடுவர்.

துளைவழியாகக் கல்லை எடுக்கும் முறையை 1976-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் என்போர் வெளியிட்டனர். எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் துணையால் ஊசியைச் சிறுநீரகத்தின் உள்ளறைக்குள் செலுத்தி, அவ்வழியைப் படிப்படியாக விரித்து, உள்நோக்கிக் கருவியை நுழைத்து, கல்லை மீயொலியாலோ லேசராலோ பொடிப்பர். ஊசி நுழைந்ததும் சீழ் வருமாயின், அன்று கல்லை உடைக்காமல் குழாயை மட்டும் வைத்து நிறுத்துவதே விவேகம்.

கல்லின் உட்புறத்திலும் கிருமிகள் வாழ்வதால், அது உடையும்போது அவையும் அவற்றின் விஷமும் வெளிப்படுகின்றன. கழுவும் நீரின் அழுத்தம் மிகுந்தால் அவை ரத்தநாளங்களுக்குள் புகும். ஆகவே, சிகிச்சைக்கு முன் மூத்திரத்தில் கிருமியைச் சோதித்து, அதற்கேற்ற மருந்தைக் கொடுத்து, நீரழுத்தத்தைத் தாழ்வாகவே வைத்திருப்பர். எஞ்சிய துணுக்கு கிருமிகளுக்குப் புகலிடமாகி மீண்டும் கல்லை வளர்க்குமாதலால், எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்புவதும், குணமடைந்த பின்னும் சில மாதங்கள் மூத்திரத்தைச் சோதித்துவருவதும் இச்சிகிச்சையின் பகுதிகளாகவே கருதத்தக்கவை.