ஏழாம் நாளும் மூன்று ஷிப்டும்

வேதாகமக் கட்டளைகளில் அரசாங்கச் சட்டமாக உருமாறி உலகெங்கும் பரவியது ஓய்வுநாள் கட்டளை. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய வேண்டும் என்ற இந்த விதி இரண்டு இடங்களில் வருகிறது, இரண்டும் சொல்லும் காரணம் வேறு. யாத்திராகமம், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்ததைக் காட்டுகிறது. உபாகமம், எகிப்தில் அடிமையாகக் கிடந்த காலத்தை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் எசமானைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. முன்னது வழிபாட்டு விதி என்றால் பின்னதைத் தொழிலாளர் சட்டம் என்றே சொல்லலாம். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இதை மூன்றாம் கட்டளையாக எண்ணுவார்கள். தென்னிந்தியத் திருச்சபையாருக்கு இது நான்காம் கட்டளை. மூன்று சபையாரும் அருகருகே வாழும் கடலூர் வட்டாரத்தில் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் இந்த எண்ணைச் சொல்லி வாதாடுவது இயல்பு.

பழைய ஏற்பாட்டில் இந்த விதி கடுமையானது. ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனைக் கல்லெறிந்து கொன்றதாக எண்ணாகமம் சொல்கிறது. வீடுகளில் நெருப்பு மூட்டக் கூடாது. உழவுக் காலமானாலும் அறுப்புக் காலமானாலும் விலக்கு இல்லை. ஆனால் இந்தக் கட்டளை ஒரு பேரரசின் சட்டத்தை முதலில் எட்டியபோதே அந்தக் கடைசி விதி கழன்றுவிட்டது. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக அறிவித்தார். நீதிபதிகளும் நகரத்தாரும் கைவினைஞரும் ஓய வேண்டும், உழவர் மட்டும் விதைக்கவும் திராட்சை நடவும் செய்யலாம் என்பது ஆணை. பருவம் தவறினால் விளைச்சல் போகும் என்பதே அதற்குக் காரணம். சட்டத்தின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த விலக்கின் வரலாறுதான்.

இங்கிலாந்தில் 1677இல் நிறைவேறிய ஞாயிறு ஆசரிப்புச் சட்டம் சாதாரணத் தொழில்களைத் தடை செய்து, 'அவசியமும் இரக்கமும்' சார்ந்த வேலைகளுக்கு மட்டும் இடம் விட்டது. அந்த ஞாயிறு கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1840களில் கவர்னர் ஜெனரல் ஹார்டிங் அரசு வேலைகளில் ஞாயிற்றுக்கிழமை உழைப்பை நிறுத்தினார். 1881இன் மாற்றுமுறை ஆவணச் சட்டம் ஞாயிறைப் பொது விடுமுறையாகக் கணக்கில் கொண்டது. கச்சேரியும் வங்கியும் ஞாயிறு மூடிக் கிடப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது. 

தமிழ்நாட்டில் இந்தக் கட்டளையை ஊர்ச் சட்டமாகவே நடத்திப் பார்த்த இடம் திருநெல்வேலிச் சீமை. 1799இல் புதிதாகக் கிறிஸ்தவரானவர்களைக் குடியமர்த்தி முதலூர் உண்டானது. பேரே சொல்கிறது, அதுதான் முதல் ஊர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், துன்புறுத்தலுக்கு ஆளான குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தர 1830இல் தரும சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். அந்தச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென எழுந்த ஊர்களின் பெயர்கள் நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம் என்று நீளும். நிலம் மிஷனுடையது, பள்ளிக்கூடம் மிஷனுடையது. ஆகவே உபதேசியாரின் சொல்லுக்கு ஊரில் சட்டத்தின் கனம் இருந்தது. குடி, பலதாரம், பேய்க்கொடை ஆகியவற்றோடு ஞாயிறு வேலையும் ஒழுங்குக் குற்றமாகக் கருதப்பட்டது. நற்கருணையிலிருந்து விலக்கி வைப்பது தண்டனை. ஊருக்குள் வாழ்கிறவனுக்கு அது சிறிய தண்டனை அல்ல.

சிக்கல் பனைமரத்திலிருந்து வந்தது. அந்தச் சீமைக் கிறிஸ்தவரில் பெரும்பாலோர் பனையேறிகள். தை, மாசியில் தொடங்கி ஆடி வரை பதநீர்க் காலம். திளாப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் அரிவாள்பெட்டி தொங்க, ஒருவர் நாளுக்கு 30, 40 மரம் ஏறுவார். காலையும் மாலையும் இருமுறை. உச்சியில் அவர் செய்கிற வேலை பார்வைக்குச் சின்னதுதான்: பாளையின் நுனியை வெற்றிலைக் கனத்துக்குச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தை மறுபடி கட்டுவார். அந்தச் சீவல் ஒரு நாள் தவறினால் வெட்டுவாய் காய்ந்து பாளை வறளும், பழையபடி சுரக்க நாளாகும். கலயத்தில் தேங்கிக் கிடக்கும் பதநீரோ சுண்ணாம்பின் வலு குறையக் குறையப் புளித்துக் கள்ளாகத் திரும்பும். மிஷன் கள்ளையும் விலக்கியிருந்தது. ஆக ஞாயிறை ஒழுங்காக ஆசரித்த பனையேறிக்குத் திங்கட்கிழமை காலை அதே மிஷனின் இன்னொரு விதியை மீறிய சரக்கு மரத்திலிருந்து இறங்கும். யாத்திராகமம் எழுந்த நாட்டில் கோதுமை ஒரு நாள் காத்திருக்கும்; பாளை காத்திருக்காது. பனங்காட்டுக் குடிசையான விடிலியில் கருப்பட்டி காய்ச்சுகிற பெண்ணின் அடுப்புக்கும் இதே கணக்குதான்.

இதே மண்ணிலிருந்து எதிர்த்திசையில் ஒரு குரல் கிளம்பியது. எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம், சட்டாம்பிள்ளை என்ற பேரால் அறியப்பட்டவர். நாசரேத்திலிருந்த மிஷனரி கேமரருடன் பிணங்கி வெளியேறிய அவர், 1857இல் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். நாடார்களைப் பற்றி 1849இல் கால்டுவெல் எழுதிய நூல் மூட்டிய கோபமும் அந்தப் பிரிவில் சேர்ந்துகொண்டது. வெள்ளைக்காரர் சொல்லும் ஞாயிறு ஐரோப்பிய வழக்கு, வேதம் சொல்லும் ஏழாம் நாள் சனிக்கிழமைதானே என்பது சட்டாம்பிள்ளையின் வாதம். எனவே சனிக்கிழமை ஆராதனை, சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குதல், தூபம், யூதப் பண்டிகைகள் எல்லாம் அவருடைய சபையில் இடம்பெற்றன. மோசேயின் சட்டம் ஐரோப்பாவைவிட ஆசியாவுக்கு, அதிலும் இந்த மண்ணின் ஆசாரங்களுக்கு, நெருக்கமானது என்று அவர் கண்டார். மிஷனரிகள் அடக்கியாளக் கொண்டுவந்த சட்டப் புத்தகத்தையே எடுத்து அவர்கள்மேல் வழக்குத் தொடுத்த சாமர்த்தியம் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, சனிக்கிழமையை ஆசரிக்கும் தமிழர் ஏற்கெனவே பிரகாசபுரத்தில் இருந்தார்கள்.

ஆலைத் தொழிலாளருக்கு வார விடுமுறை வேறு வழியில் கிடைத்தது. 1881இன் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களுக்கு மட்டும் மாதம் நான்கு விடுமுறை தந்தது. பம்பாயில் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகண்டே ஞாயிறு விடுமுறை கேட்டுப் போராடினார். ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்கு உகந்த நாள் என்பதும் அவர் தரப்பு நியாயங்களில் ஒன்று. ஆலை முதலாளிகள் 1890இல் இசைந்தார்கள், 1891இன் சட்டம் வார விடுமுறையை எல்லாருக்குமாக்கியது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் 'ஞாயிறு' என்ற சொல்லை எழுதாமல் 'வாரத்தின் முதல் நாள்' என்று எழுதியது. சுவிசேஷங்கள் உயிர்ப்பு நாளைக் குறிக்கும் சொற்களும் அவையே. எழுதியவர்கள் அதை நினைத்து எழுதியிருக்க வேண்டியதில்லை. முதல் நாளில் வேலை வாங்கினால் அதற்கு முன்போ பின்போ மூன்று நாளுக்குள் மாற்று விடுமுறை தர வேண்டும் என்றும் அச்சட்டம் சொன்னது.

கடலூர் வட்டாரத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்க ஊரான நெய்வேலியில் அந்த முதல் நாளும் போய்விட்டது. 1935இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்புத் துகள் தலைகாட்டியதிலிருந்து ஊரின் கதையைச் சொல்வது வழக்கம். 1956இல் சுரங்க நிறுவனம் பதிவானது, 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது, அடுத்த ஆண்டே அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. இந்தச் சுரங்கத்தின் தனிச்சிக்கல் தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அடைபட்ட நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளுகிறது. சுற்றிலும் துளையிட்டு இரவும் பகலும் இறைத்தால்தான் குழியின் தரை வெடிக்காமல் நிற்கும். பம்புக்கு ஞாயிறு கிடையாது. கொதிகலனுக்கும் அப்படித்தான், அதன் நெருப்பை வாரம் ஒருமுறை அணைத்து மறுபடி மூட்டுகிறவர் எவரும் இல்லை.

ஆகவே மூன்று ஷிப்டு. 1952இன் சுரங்கச் சட்டம் எந்தக் கிழமையையும் பெயர் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பதோடு நின்றது. ஏழில் ஒன்று என்ற எண் மட்டும் மிஞ்சியது. உபாகமத்தின் காரணம் இதில் முழுதாக இருக்கிறது, யாத்திராகமத்தின் காரணம் இல்லை. வார ஆஃப் ஒருவருக்குச் செவ்வாயில் வரும், இன்னொருவருக்கு வெள்ளியில். பிளாக் பிளாக்காக வகுத்த நகரியத்தில் ஞாயிறு காலை கோயில் மணி அடிக்கும்போது, நைட் ஷிப்டு முடித்தவர் தூங்கப் போவார், முதல் ஷிப்டுக்காரர் குழிக்குள் இருப்பார்.

ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்க மாட்டீர்களா என்று இயேசு கேட்டதாக லூக்கா சுவிசேஷம் சொல்கிறது. சபைகள் ஷிப்டு வேலைக்கு இடம் விடும்போது சாய்ந்துகொள்ளும் வாதம் இது. கத்தோலிக்கத் திருச்சபை இதைச் சட்டமாகவே எழுதியது. இரவும் பகலும் மாறி மாறி உழைக்கும் தொழிலாளரைக் குறிப்பிட்டு, 1953இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மாலைத் திருப்பலிக்கு வழிவிட்டார். நெய்வேலியில் மண்வெட்டத் தொடங்கிய அதே 1957இல், மார்ச் மாதம், நன்மை வாங்கும் முன் நள்ளிரவு முதல் காத்த உபவாசத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கடன் திருநாளுக்கு முந்திய மாலையில் பூசை கண்டாலும் கடன் தீர்ந்தது என்று விதித்தது. சனிக்கிழமை மாலைப் பூசைக்கு வந்துவிட்டு இரவு ஷிப்டுக்குப் போகிறவர் அந்த விதியின்படி ஞாயிறை ஆசரித்தவரே.