அவனா, அதுவா? துரத்திக் கொல்லும் உருக்களின் திரைப்பட வரலாற்றில் பேச்சும் திணையும்

1. முன்னுரை

கொலையாளியோ கோர உருவோ மனிதரைப் பின்தொடர்ந்து வேட்டையாடும் கதையமைப்புக் கொண்ட அச்சப்படங்கள், மேலைத் திரைப்பட வரலாற்றில் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. இவ்வகை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் உளவியலையும் பால்நிலையையும் முதன்மைப்படுத்துவன. கரோல் குளோவர் 1987இல் எழுதிய கட்டுரையும் 1992இல் வெளியிட்ட நூலும், இறுதிவரை போராடி உயிர்பிழைக்கும் பெண்ணை இப்படங்களின் அடிப்படைப் பாத்திரங்களுள் ஒன்றாக நிறுவின. துரத்தப்படும் பெண் இவ்வாறு விரிவாக ஆராயப்பட்டிருக்க, துரத்தும் உரு பேசுகிறதா என்னும் வினா மொழியியல் நோக்கில் தனியே எழுப்பத்தக்கதாகும். அவ்வினாவை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் எழுதுவோர்க்கு இவ்வினா தவிர்க்க முடியாதது. ‘அரக்கன் வந்தான்’ என்கிறோம். ‘பேய் வந்தது’ என்கிறோம். வினைமுற்றை எழுதும்போதே திணையையும் முடிவு செய்தாக வேண்டும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தை உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டிலேயே தொடங்குகிறது. மக்களைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களையும் அது தொகுத்துரைக்கிறது. அடிமை, குழவி ஆகிய சொற்களும் உறுப்புக் குறைபற்றி வரும் சொற்களும் அத்தொகுப்பில் இடம்பெறுகின்றன. பேச இயலாதவர், பேசியும் கேட்கப்படாதவர் ஆகியோரைக் குறிக்கும் சொற்கள் இவற்றுள் இருத்தல் நோக்கத்தக்கது. ஓர் உரு ‘அவன்’ ஆவதற்கும் ‘அது’ ஆவதற்கும் பேச்சோடு உள்ள தொடர்பை அச்சப்படங்களின் வரலாறும் தெளிவாகக் காட்டுகிறது.

2. நாவலிலிருந்து மேடைக்கு

மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில், விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் படைக்கும் உயிர் தொடக்கத்தில் மொழியற்றது. டி லேசி குடும்பத்தின் குடிசையை ஒட்டி மறைந்திருந்து, சுவரின் இடுக்கு வழியே அவர்களைக் கவனித்து அது மொழி கற்கிறது. தீ, பால், ரொட்டி, விறகு ஆகிய பொருட்பெயர்களை முதலில் அறிகிறது. நன்மை, அன்பு, துயரம் முதலியவற்றை உணர்த்தும் சொற்களை ஒலியளவில் பிரித்தறிந்தும் பொருள் அறியாது தவிக்கிறது. பின்னர், அவ்வீட்டிற்கு வந்த சாஃபி என்னும் அயல்நாட்டுப் பெண்ணுக்கு மொழி கற்பிக்கப்படும்போது மறைவிலிருந்தே உடன் கற்கிறது. கைக்கெட்டும் பொருளின் பெயர் முன்னும் பண்பை உணர்த்தும் சொல் பின்னுமாக அமையும் இவ்வரிசை, குழந்தையின் மொழிப்பேற்றை அறிந்தவர்க்கு வியப்பளிப்பதாகும்.

இவ்வாறு கற்றவன் (இவ்விடத்தில் ‘அது’ என்று எழுதக் கை தயங்குகிறது) முதலில் அணுகுவது பார்வையற்ற முதியவரான டி லேசியை. முதியவர் குரலை மட்டும் கேட்டுப் பரிவு காட்டுகிறார். பார்வையுடைய குடும்பத்தினர் திரும்பி வந்து உருவத்தைக் கண்டதும் அடித்து விரட்டுகின்றனர். மொழியால் பெற்ற திணையை உருவத்தால் இழத்தலே நாவலின் அவலம் எனலாம்.

இந்நாவல் 1823இல் லண்டனில் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் என்பவரால் நாடகமாக்கப்பட்டபோது, அவ்வுயிரின் பேச்சு நீக்கப்பட்டது. இசையோடும் மெய்ப்பாடுகளோடும் நடிக்கப்படும் ஊமைப் பாத்திரங்கள் அக்கால இசைநாடக மேடைக்குப் பழக்கமானவை. அம்மரபிற்கேற்ப டி. பி. குக் என்னும் நடிகர் அதனை ஊமையாகவே நடித்தார். நாடக அறிவிப்பில் பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டுமே இடப்பட்டது. நாடகத்தை நேரில் கண்ட மேரி ஷெல்லி, பெயரில்லாததைப் பெயரின்றியே சுட்டிய அம்முறையைப் பாராட்டினார். எனினும் அக்கோட்டோடு சேர்ந்து பேச்சும் போயிற்று. அச்சப்படங்கள் பின்னர்ப் பெற்றுக்கொண்டது நாவலின் மரபை அன்று, இம்மேடையின் மரபையே.

3. 1931: மூன்று குரல்கள்

திரைப்படம் பேசத் தொடங்கிய காலத்தில் 1931ஆம் ஆண்டு தனிச்சிறப்புடையது. தமிழ்ப் பேச்சு ஒலித்த முதற்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்த ஆண்டும் அதுவே. அவ்வாண்டில் மேலை நாடுகளில் வெளிவந்த மூன்று படங்கள், துரத்தும் உருவிற்கு எத்தகைய குரல் உண்டு என்னும் வினாவிற்கு மூன்று விடைகளை அளித்தன.

முதலாவது, டாட் பிரவுனிங் இயக்கிய ‘டிராகுலா’. பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு நாவலில், தன் பேச்சைக் கேட்போர் தன்னை அயலான் என்று அறியாதவாறு ஆங்கிலம் பேச வேண்டும் என்பது டிராகுலாவின் விருப்பம். திரைப்படத்தில் ஹங்கேரிய நடிகர் பேலா லுகோசியின் உச்சரிப்பு அவ்விருப்பத்தைப் பொய்யாக்கியது. ஒவ்வொரு சொல்லிலும் அயன்மை ஒலித்தது. அதுவே அச்சத்தின் ஊற்றாயிற்று. இங்குக் கோர உரு பேசுகிறது. ஆனால் பேச்சே அதனை வேறுபடுத்திக் காட்டுகிறது.

இரண்டாவது, ஃபிரிட்ஸ் லாங் ஜெர்மனியில் எடுத்த ‘எம்’. குழந்தைகளைக் கொல்லும் ஹான்ஸ் பெக்கெர்ட்டின் வருகையை உணர்த்துவது எட்வர்ட் கிரீக்கின் இசைப்பகுதி ஒன்றைச் சீழ்க்கையடிக்கும் ஒலி. பலூன் விற்கும் பார்வையற்றவர் அவ்வொலியைக் கொண்டே அவனை அடையாளம் காண்கிறார். நகரத்துக் குற்றவாளிகள் அவனைப் பிடித்துத் தாமே நடத்தும் விசாரணையில் நிறுத்துகின்றனர். அதுவரை பெரும்பாலும் சீழ்க்கையொலியாகவே இருந்தவன் அங்கு நெடிது பேசுகிறான். தன்னைத் தானே தடுக்க இயலாத நிலையைக் கூறிக் கதறுகிறான். அப்பேச்சு அவனை மன்னிக்கச் செய்வதில்லை. பிள்ளையை இழந்த தாயொருத்தியின் சொற்களோடுதான் படம் முடிகிறது. ஆயினும் அப்பேச்சு அவனை விடை கூற வேண்டியவன் ஆக்குகிறது. விடை கூறக் கடமைப்பட்டவனையே விசாரிக்க முடியும், விசாரிக்கத்தக்கவன் ‘அவன்’.

மூன்றாவது, ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. பேசும் படத்தில் பேசாத உருவாகப் போரிஸ் கார்லோஃப் நடித்தார். தொடக்கப் பெயர்ப் பட்டியலில் அப்பாத்திரத்திற்கு நேரே ஒரு கேள்விக்குறி இடப்பட்டது. 1823ஆம் ஆண்டின் கோடு 1931இல் கேள்விக்குறி ஆயிற்று. 1935இல் வந்த தொடர்ச்சிப் படத்தில், பார்வையற்ற துறவி ஒருவர் அதற்குச் சில சொற்களைக் கற்பிக்கிறார். அது பேசுவதைக் கார்லோஃப் விரும்பவில்லை. 1939ஆம் ஆண்டின் படத்தில் பேச்சு மீண்டும் நீக்கப்பட்டது.

நாவலிலும் ‘எம்’ படத்திலும் 1935ஆம் ஆண்டின் படத்திலும் துரத்தும் உருவை உள்ளபடி அறிபவர் பார்வையற்றவரே. செவியால் அறிவோர்க்கு அது ஆள். கண்ணால் அறிவோர்க்கு அது பொருள்.

பெக்கெர்ட்டின் பேச்சுக்கு நேர்ந்தது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. அப்பாத்திரத்தில் நடித்த பீட்டர் லோரே யூதர். 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். ‘எம்’ நாஜி ஆட்சியில் தடை செய்யப்பட்டது. ஆனால் 1940இல் யூதர்க்கெதிராக நாஜிகள் எடுத்த பிரச்சாரப் படத்தில், அவ்விசாரணைக் காட்சியின் ஒரு பகுதி வெட்டி ஒட்டப்பட்டது. மனிதத்தன்மையை நிறுவுவதற்காக எழுதப்பட்ட பேச்சு, சூழலிலிருந்து பிரிக்கப்பட்டு, ஓர் இனமே மனிதத்தன்மையற்றது என்பதற்குச் சான்றாக்கப்பட்டது. ஒருவரை அஃறிணையாக்க நாவை அடக்குதல் ஒரு வழி. பேச்சைத் திரித்தல் மற்றொரு வழி.

4. முகமூடியும் மூச்சொலியும்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) கொலையாளியை அண்டை வீட்டு இளைஞனாக்கியது. நார்மன் பேட்ஸ் பேசுகிறான். அவனுள் தாயின் குரலும் பேசுகிறது. அக்குரல் நார்மனாக நடித்தவருடையது அன்று. வேறு சிலரின் குரல்களைக் கலந்து உருவாக்கப்பட்டது. உடல் ஒன்று, குரல் மற்றொன்று என்னும் இப்பிரிவு பின்வந்த படங்களுக்கு முன்மாதிரியாயிற்று. கனடாவில் எடுக்கப்பட்ட ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ (1974) படத்தில் கொலையாளி தொலைபேசிக் குரலாகவே இயங்குகிறான். அழைப்புகள் அதே வீட்டிற்குள்ளிருந்தே வருகின்றன.

ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) குரலை முற்றிலும் அகற்றியது. ஆறு வயதில் தமக்கையைக் கொன்ற மைக்கேல் மையர்ஸ், பதினைந்து ஆண்டுகள் வாய்திறவாதிருந்து தப்பிவருகிறான். முகமூடிக்குள்ளிருந்து மூச்சொலி மட்டுமே கேட்கிறது. பெயர்ப் பட்டியலில் முகமூடி அணிந்த பாத்திரம் ‘உரு’ என்று மட்டுமே சுட்டப்படுகிறது. இப்படத்தில் மொழியியலார் கவனிக்க வேண்டிய உரையாடல் ஒன்று உண்டு. மருத்துவர் லூமிஸ் தம் நோயாளியை அஃறிணைச் சுட்டுப்பெயரால் குறிக்கிறார். உடன்செல்லும் செவிலி, ‘அவன்’ என்று குறிக்கலாகாதா என்று கேட்கிறார். மருத்துவர் உடன்பட்டும் மனம் ஒப்புவதில்லை. படத்தின் எஞ்சிய பகுதி மருத்துவர் பக்கமே நிற்கிறது.

அதே படத்தில் துரத்தப்படும் லாரியின் பேச்சும் பயனற்றுப் போகிறது. அவள் அண்டை வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகிறாள். விளக்கு எரிகிறது, பின் அணைகிறது. துரத்தும் உருவிற்குப் பேச்சில்லை. துரத்தப்படுபவளின் பேச்சைக் கேட்க ஆளில்லை. அக்காட்சியின் அச்சம் இவ்விரண்டினாலும் ஆனது.

‘ஃபிரைடே தி தர்ட்டீன்த்’ (1980) படத்தில் கொலை செய்பவள் ஒரு தாய். இறந்த மகனின் குரலில் தனக்குத்தானே கட்டளையிடுகிறாள். இசையமைப்பாளர் ஹாரி மான்ஃபிரெடினி, ‘கொல்’, ‘அம்மா’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலசைகளை மட்டும் பிரித்து எதிரொலிக்கச் செய்து, புகழ்பெற்ற அச்சவொலியை உருவாக்கினார். சொல் அசையாகச் சிதைந்து பொருளிழந்த நிலை அது. 1981 முதல் கொலையாளியாக வரும் மகன் ஜேசன் பேசுவதில்லை.

பேசாமைக்கு வணிகக் காரணமும் உண்டு. முகமூடியணிந்து பேசாதிருக்கும் உருவை எவரும் நடிக்கலாம். ஜேசனாகப் பலர் மாறிமாறி நடித்தனர். 1984இல் வெஸ் கிரேவன் படைத்த ஃபிரெடி குரூகர் கனவில் வந்து கேலி பேசிக் கொல்பவன். 2003வரை வந்த படங்கள் அனைத்திலும் ராபர்ட் இங்கிலண்ட் ஒருவரே அவனாக நடித்தார். பேசுபவன் தனியாள் ஆகிறான். பேசாதது வகைமாதிரி ஆகிறது. கிரேவனே இயக்கிய ‘ஸ்கிரீம்’ (1996) படத்தில், தொலைபேசிக் குரல் 1980ஆம் ஆண்டுப் படத்தின் கொலையாளி யார் என்று வினவுகிறது. ஜேசன் என்று விடையளித்த பெண் தோற்கிறாள். பேசிய தாயை மறந்து பேசாத மகனையே நினைவில் கொண்ட பார்வையாளரின் பிழையும் அதுவே.

5. முடிவுரை

2018இல் வெளிவந்த ‘எ கொயட் பிளேஸ்’ படத்தில் கோர உயிர்கள் பார்வையற்றவை. ஒலியைக் கேட்டு வேட்டையாடுபவை. செவித்திறனற்ற மகளுக்காக அமெரிக்கச் சைகை மொழியை அறிந்திருந்த குடும்பம், அம்மொழியாலேயே பிழைத்திருக்கிறது. மகளாக நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ் செவித்திறனற்றவர். சைகை மொழி ஆங்கிலத்தின் நிழலன்று, தனி இலக்கணமுடைய மொழி என்பதற்கு வில்லியம் ஸ்டோக்கி அடித்தளமிட்டது 1960இல். ‘சைக்கோ’ வெளிவந்த ஆண்டும் அதுவே. வாயால் பேசாதவர் மொழியற்றவர் என்னும் பழைய எண்ணத்தை மொழியியல் கைவிட்டதற்கும் அச்சப்படம் கைவிட்டதற்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உள்ளன.

இவ்வாராய்ச்சியால் பெறப்படுவது வருமாறு: பேசாத உரு மேடை மரபாகத் தொடங்கி, வணிக வசதியால் நிலைபெற்றது. பேச்சு நீங்கியதும் பெயர் நீங்கியது. பெயர் நீங்கியதும் திணை மாறியது. திணை மாறியபின் அதனைக் கொல்ல எவரும் தயங்க வேண்டியிராது போயிற்று. செவிலி எழுப்பிய சிறு வினாவைத் தமிழ் தன் ஒவ்வொரு வினைமுற்றிலும் எழுப்புகிறது. திரையில் தோன்றும் உருவை மட்டுமின்றி, சிறையிலும் மனநல மருத்துவமனையிலும் வாய்திறவாதிருக்கும் மனிதரைப் பற்றி எழுதும்போதும் அவ்வினாவிற்கு நாம் விடையளித்தே தீர வேண்டும்.