சுரண்டப்பட்ட பெயர்: ஃபெட் காமிராவும் அசல்/நகல் அரசியலும்

கார்கிவ் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்து, 2022 போரில் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பிய நண்பரின் தம்பி, கையில் ஒரு பழைய ஃபிலிம் காமிராவோடு வந்தான். அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கியது. பொன்னிறப் பூச்சு. மேலே ‘லைகா’ என்ற எழுத்து, பக்கத்தில் கழுகும் ஸ்வஸ்திகாவும். “ஹிட்லரோட விமானப்படை காமிராண்ணே, லட்சக்கணக்குல போகும்னு சொன்னான்.”

லென்ஸைக் கழற்றிப் பார்த்தோம். தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரோடு லென்ஸை இணைக்கிற நெம்புகோலின் நுனி ஆப்பு வடிவில் இருந்தது. அசல் லைகாவில் அந்த இடத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும். சேகரிப்பாளர்களுக்கெல்லாம் தெரிந்த சோதனைதான். கையிலிருந்தது சோவியத் ‘ஃபெட்’. அதன் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு நாஜி முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

ஏமாந்துட்டோமே என்று அவனுக்கு வருத்தம். எனக்கோ சுரண்டப்பட்ட அந்தப் பெயர்மேல் கவனம் போயிற்று.

ஃபெட் என்பது ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள். 1917-இல் ‘செக்கா’ என்ற ரகசியப் போலீசை நிறுவியவர். உள்நாட்டுப் போரும் 1921-22 பஞ்சமும் தெருவில் விட்ட பிள்ளைகள் லட்சக்கணக்கில் அலைந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக உக்ரைனின் ரகசியப் போலீஸ் 1927 டிசம்பரில் கார்கிவில் (அன்று கார்க்கோவ்) ஒரு கம்யூனைத் திறந்து ஜெர்ஜின்ஸ்கியின் பெயரை வைத்தது. பொறுப்பாளர் மகரென்கோ. ஆமாம், கல்வி பற்றிப் பேச வாயெடுத்தால் நம் தோழர்கள் மேற்கோள் காட்டுகிற அதே மகரென்கோதான். பிள்ளைகளுக்கு நாளில் நான்கு மணி நேரம் பட்டறை, பிறகு பள்ளிக்கூடம். முதலில் மரச்சாமான்கள் செய்தார்கள். 1932-இல் வெளிநாட்டு மாதிரியைப் பார்த்து மின்சாரத் துளைக்கருவி. அதே ஆண்டின் பிற்பகுதியில் லைகாவைப் பார்த்து மூன்று காமிராக்கள். 1934-இல் தொடர் உற்பத்தி தொடங்கிவிட்டது.

இதன் வேகத்தைப் புரிந்துகொள்ள லைகாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தின் ஒஸ்கார் பார்னக் வடிவமைத்து 1925-இல் சந்தைக்கு வந்த காமிரா அது. சினிமா ஃபிலிமில் 24க்கு 36 மில்லிமீட்டர் படம். லென்ஸை உள்ளே அமுக்கிவிட்டால் கோட்டுப் பையில் அடங்கும். ரேஞ்ச்ஃபைண்டரும் சேர்ந்த ‘லைகா 2’ வந்தது 1932-இல். அதே வருஷத்திலேயே, நேற்றுவரை ரயில் நிலையங்களில் படுத்துக் கிடந்த பிள்ளைகள் ஒரு லைகாவை அளந்து தேய்த்து இன்னொன்றைச் செய்துவிட்டார்கள். (பொறியாளர்கள் கூட இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) அப்போது கம்யூனின் மதிலுக்கு வெளியே, 1932-33-இல், உக்ரைன் கிராமங்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தன.

தொடக்ககால ஃபெட்டின் தலையில் பொறித்திருந்த வாசகம் ஏறக்குறைய இது: என்.கே.வி.டி., உக்ரைன் — ஜெர்ஜின்ஸ்கி உழைப்புக் கம்யூன், கார்க்கோவ். போலீசும் பிள்ளைகளும் ஒரே வரியில் நிற்கிறார்கள். நம் இடதுசாரி வாசிப்பு பிள்ளைகளை வைத்துக்கொண்டு போலீசைச் சுரண்டி எடுத்தது. பனிப்போர்க் கால வாசிப்பு போலீசை வைத்துக்கொண்டு பிள்ளைகளைச் சுரண்டியது. சந்தைக்காரன் இரண்டையும் ஒரே தேய்ப்பில் அழித்துவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

படம் எடுத்தவர்கள் பக்கமும் கதை சுலபமாயில்லை. ரோட்செங்கோ 1928-இலேயே லைகா வாங்கியவர். 1933-இல் வெள்ளைக் கடல்–பால்டிக் கால்வாயைப் படமெடுத்தார், வெட்டியவர்கள் கைதிகள். அடுத்த ஆண்டு அவர் எடுத்த ‘லைகாவுடன் ஒரு பெண்’ இன்றும் புகைப்பட வரலாற்று நூல்களில் வருகிறது. ஃபெட்டை அரத்தால் தேய்த்த பெண்ணின் படம் எதுவும் அப்படிப் புகழ் பெறவில்லை.

அப்படியானால் ‘அசல்’ மட்டும் சுத்தமா? லைட்ஸ் குடும்பம் 1930களில் யூத ஊழியர்கள் பலரை வெளிநாட்டுக்கு அனுப்பிக் காப்பாற்றியது உண்மை. போர்க்காலத்தில் அதே தொழிற்சாலையில் உக்ரைனிலிருந்து பிடித்து வரப்பட்ட பெண்கள் கட்டாய உழைப்பில் இருந்ததும் உண்மை. குடும்பத்தின் மகள் எல்ஸி கூன்-லைட்ஸ் ஒரு யூதப் பெண் தப்பிக்க உதவியதற்காக 1943-இல் கெஸ்டபோவிடம் சிக்கினார். உக்ரைன் பெண்களிடம் அளவுமீறி மனிதாபிமானம் காட்டினார் என்பதும் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம். ஆக, நகலைச் செய்த கைகளும் உக்ரைன், அசலைச் செய்த கைகளில் சிலவும் உக்ரைன்.

கலைப்படைப்பின் ‘ஒளிவட்டத்தை’ இயந்திர மறுஉற்பத்தி கலைத்துவிடும் என்று வால்டர் பெஞ்சமின் 1936-இல் எழுதினார். கலைத்த இயந்திரமே இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஒளிவட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறது. போலி லைகாக்களைப் போலி என்று தெரிந்தே சேகரிப்பவர்களும் உண்டு.

நாங்கள் அதில் ஒரு ரோல் போட்டோம். அடித்தட்டைக் கழற்றி, ஃபிலிமின் முனையைக் கத்தரியால் நீளமாக வெட்டி உள்ளே சொருக வேண்டும். குவியம் பார்க்க ஒரு ஜன்னல், சட்டகம் பார்க்க இன்னொன்று. ஷட்டர் துணியில் ஓட்டை போலும், படங்களில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருந்தன.

“கழுகைச் சுரண்டிடலாமாண்ணே?” என்றான். “சுரண்டினா கீழே பழைய எழுத்து இருக்குமா?” என்று கேட்டேன். விரலால் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது.